பாரிஸ் தையலகத்து உடைப்படம்: வரைந்தது யார், அதை வைத்துத் தைப்பது எப்படி

கேள்வி இது. 1950 வாக்கில் பாரிஸில் வரையப்பட்டதாகச் சொல்லப்படும் ஓர் உடைப்படம் கையில் இருக்கிறது. பென்சில் கோட்டின் மேல் சாம்பல் நிற நீர்வண்ணம். சதுரக் கழுத்து, முக்கால் கை, சிக்கென்ற இடை, தரையை நோக்கி அகலும் பாவாடை. மேல் மூலையில் 74 என்ற எண், அதன் கீழே ‘ரெனே’ என்ற பெயர், ஓரத்தில் குண்டூசி குத்திய ஒரு பட்டுத் துண்டு, அடியில் பாரிஸ் உடை அமைப்பாளர் கிறிஸ்டியான் டியோரின் நிறுவன முத்திரை. இதை டியோரே வரைந்தாரா? இதைப் பார்த்து அந்த உடையைத் தைக்க முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு, முடியும். ஆனால் உடையின் பாதி இந்தத் தாளில் கிடையாது. அந்தப் பாதியை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். எங்கே என்ன கட்ட வேண்டும் என்பதைக் கோடுகள் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

வரைந்தது யார் என்பதைக் கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு பாரிஸ் நிறுவனத்தில் ஒரே உடைக்குப் பல படங்கள் இருக்கும். அவற்றில் உங்கள் தாள் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. டியோரின் வேலைமுறை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு அவர் பாரிஸை விட்டு விலகி, மில்லி லா ஃபொரே கிராமத்தில் இருந்த தன் வீட்டுக்கு (பிற்காலத்தில் தெற்கே மோந்தோரூவில் இருந்த வீட்டுக்கு) போய்விடுவார். அங்கே நூற்றுக்கணக்கில் கிறுக்கிக் குவிப்பார். இதைத்தான் ‘க்ரோக்கி’ என்பார்கள். முகம் இருக்காது, பாதம் ஒரு கீற்று, சில சமயம் கையே இருக்காது. இடுப்பின் சாய்வும் பாவாடையின் வீச்சும் மட்டும் இருக்கும். அவற்றிலிருந்து தேறியவற்றைக் கொஞ்சம் தெளிவாக மறுபடி வரைந்து, அவென்யூ மோந்தேன் 30ஆம் எண் கட்டடத்துக்குக் கொண்டுவருவார். அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த மார்கெரித் காரே அந்தப் படங்களைத் தையல் அறைத் தலைவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒவ்வொரு தலைவிக்கும் ‘ப்ரெமியேர்’ என்று பெயர். படத்தைப் பார்த்து அவர்கள் முதலில் வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு மாதிரி செய்வார்கள். நம் ஊர்க் காடாத் துணி போன்ற துணி அது. அந்த மாதிரிக்கு ‘த்வால்’ என்று பெயர். த்வால் தேறிய பிறகுதான், அழகி (உடையை அணிந்து காட்டும் மாடல் பெண்) ஒருத்தியின் தோளில் பட்டுச் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, துணி முடிவாகும். எந்த அழகி அணிவது என்பதும் அதையொட்டித்தான் முடிவாகும். உடைக்கு எண் விழுவது இன்னும் பிறகு.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். அதில் துணித் துண்டு இருக்கிறது, எண் இருக்கிறது, அழகியின் பெயர் இருக்கிறது. த்வால் கட்டம் தாண்டிய பிறகு தெரியவரும் விவரங்கள் இவை. ஆகவே இது கற்பனை பிறந்த தாள் அல்ல, உடை முடிவான பின் எழுந்த பதிவுத் தாள். இவற்றை நிறுவனத்தின் சம்பள ஓவியர்கள் வரைந்தார்கள். வாடிக்கையாளரிடம் காட்ட ஒன்று, விற்பனைப் பகுதிக்கு ஒன்று, உரிமைப் பதிவுக்கு ஒன்று என்று ஒரே கையில் பல படிகள் எழும். பட்டன் ஒவ்வொன்றும் எண்ணி வைக்கப்பட்டு, ஓரத்தில் சின்னதாகப் பின்புறத் தோற்றமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடித்த முத்திரை நிறுவனத்துடையதே தவிர, வரைந்தவரின் கையொப்பம் ஆகாது.

இது குறையல்ல. தைக்க நினைப்பவருக்கு டியோரின் கிறுக்கலை விட இந்தத் தாள்தான் பத்து மடங்கு பயன்படும்.

‘உடை அமைப்பாளர் என்றால் படம் வரைபவர்’ என்ற எண்ணமே பாதி தவறு. டியோர் 1930களில் படம் விற்றுப் பிழைத்தவர். ரொபேர் பிகே, லூசியேன் லெலோங் நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு 1946இல் சொந்தமாகத் தொடங்கியவர். அவருக்குப் படம்தான் மொழி. அதே காலத்துப் பாரிஸ் அமைப்பாளர்கள் எல்லாரும் அப்படி அல்ல. பாலென்சியாகா துணியிலிருந்து தொடங்கி, வெட்டிலும் ஒட்டிலும் யோசித்தவர். அவர் நிறுவனத்துப் படங்களை வரைந்தவர்கள் வேறு ஆட்கள். ழாக் ஃபாத் உயிருள்ள அழகியின் மேலேயே துணியைச் சுற்றிப் பார்த்தார். மதாம் க்ரே பட்டு ஜெர்சியைத் தையல் பொம்மையின் மேல் மடிப்பு மடிப்பாகக் குத்தினார். ‘மதாம் க்ரே கைப்பட வரைந்த மூலப்படம்’ என்று யாராவது பெரிய விலை சொன்னால் இதை நினைவில் வையுங்கள். டியோர் பெயரில் வந்ததெல்லாம் டியோர் நினைத்ததும் அல்ல. யானைகளுக்கு நடுவே மாடல் தோவிமா நிற்கும் அவெடோனின் 1955ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற நிழற்படத்தில் அவர் அணிந்திருக்கும் கறுப்பு உடை, அப்போது அங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்த 19 வயது இவ் சான் லோரானின் கைவண்ணம்.

இன்னொரு வகைத் தாளும் சந்தையில் புழங்குகிறது. நியூயார்க் கடைகள் பாரிஸ் மாதிரிகளைப் பணம் கட்டி வாங்கி, தங்கள் வாடிக்கையாளருக்காகத் தங்கள் ஓவியர்களை வைத்துப் படம் வரைந்துகொண்டன. பெர்க்டார்ஃப் குட்மன் கடைக்காக வரைந்த அத்தகைய படங்கள் ஏராளமாக அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளன. அவற்றில் பாரிஸ் அமைப்பாளரின் பெயர் எழுதியிருக்கும். தாளோ பாரிஸைப் பார்த்திருக்காது. அதற்கும் அப்பால் திருட்டுப் படங்கள். காட்சிக் கூடத்தில் படம் வரையவே தடை. பார்த்ததை மனத்தில் வைத்து, வெளியே வந்து வரைந்து விற்றவர்கள் இருந்தார்கள். இந்தத் தொல்லைக்காகவே பிரான்சில் 1952 மார்ச்சில் பருவகால ஆடைத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. திருட்டுப் படத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. முன்புறம் துல்லியமாக இருக்கும், பின்புறம் இருக்காது, அல்லது மழுப்பலாக இருக்கும். அழகி திரும்பி நடந்த இரண்டு நொடியில் எவ்வளவுதான் நினைவில் நிற்கும்?

எழுத்துகளுக்கு வருவோம். ‘ரெனே’ என்பது உடையின் பெயர் அல்ல, டியோரிடம் வேலை பார்த்த அழகியின் பெயர். அல்லா, விக்துவார், லக்கி என்று இருந்தாலும் அப்படியே. உடைக்குத் தனிப்பெயர் உண்டு: 1947இல் ‘பார்’, ‘ஷெரி’, 1949இல் ‘ஜூனோன்’, ‘வேனுஸ்’. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘டியோரின் ரெனே உடை’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. ஆனால் அழகியின் பெயர் வெட்டுக்கு முக்கியம். உடை அவள் உடம்பின் மேல் தைக்கப்பட்டது. படத்தின் விகிதமும் அவளுடையது. இன்னொரு பெயர் தென்பட்டால் அது ப்ரெமியேரின் பெயராக இருக்கலாம். அதிலிருந்து உடை எந்த அறையில் தைத்தது என்று தெரியவரும். பாரிஸில் தையல் அறைகள் இரண்டு சாதி. ‘தாயேர்’ அறை கோட்டும் சூட்டும் தைக்கும். கித்தான் போன்ற விறைப்புத் துணியை உள்ளே வைத்து, ஆவியும் இஸ்திரியும் காட்டி உருவம் பிடிக்கும். ‘ஃப்ளூ’ அறை கவுன், ரவிக்கை, மெல்லிய பட்டு இவற்றைக் கவனிக்கும். வலைத்துணி, அடித்துணி அடுக்குகளால் உருவம் எழுப்பும். உங்கள் படத்து உடை ஃப்ளூ அறையின் பிள்ளை.

மற்றக் குறிப்புகளில் அடிக்கடி வருபவை சிலதான். ‘தெவாங்’ முன்புறம், ‘தோ’ பின்புறம், ‘த்ருவா ஃபில்’ நேர் நூல், ‘பியே’ நம் டெய்லர்கள் கிராஸ் என்று சொல்லும் குறுக்கு வெட்டு, ‘ப்ளி’ மடிப்பு, ‘ஃப்ரோன்ஸ்’ சுருக்கு, ‘துப்லூர்’ லைனிங். மடிப்பா சுருக்கா என்று எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நிஜப் பெண்ணின் உயரம் அவள் தலை நீளத்தைப் போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. உடைப்படத்தில் ஒன்பது மடங்கு, சில சமயம் பத்து. கூடுதல் நீளம் உடம்பு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பகுதி இடைக்குக் கீழேதான் சேர்கிறது. ஆகவே படத்தின் மொத்த உயரத்தை நிஜ உயரத்தோடு பொருத்தி ஒரே விகிதம் எடுத்தால் மேலுடம்பு குட்டையாகவும் பாவாடை நீளமாகவும் வரும். இடையில் ஒரு கோடு போட்டு, மேல் பாதிக்கு ஒரு விகிதம், கீழ்ப் பாதிக்கு ஒரு விகிதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்தில் இடையிலிருந்து தரை வரை 14 செ.மீ., இடையிலிருந்து பாவாடை விளிம்பு வரை 10 செ.மீ. என்று வையுங்கள். அணியப்போகிறவர் 165 செ.மீ. உயரம். இடையிலிருந்து தரைக்கு 103 செ.மீ. படத்துப் பெண் குதிகால் உயர்ந்த செருப்பில் நிற்கிறாள் என்பதை மறக்கக் கூடாது. 7 செ.மீ. சேர்த்து 110. பத்தைப் பதினாலால் வகுத்து 110ஆல் பெருக்கினால் 78.5 செ.மீ. இதுதான் பாவாடை நீளம். விளிம்பு தரைக்கு மேல் 31.5 செ.மீ.யில் நிற்கும். 1947இல் உலகமே வாய்பிளந்து பார்த்த டியோரின் நீளம் ஏறத்தாழ இதுதான். 1953 இலையுதிர் பருவத்தில் அவர் விளிம்பைத் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ.க்கு உயர்த்தியபோது அதற்கும் ஒரு கூச்சல் எழுந்தது. ஆகவே விளிம்பு உயரத்தை வைத்துப் படத்தின் ஆண்டையும் தோராயமாக மதிப்பிடலாம்.

அடுத்தது அகலம். இடையின் அகலத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். ஓவியர்கள் துணிந்து பொய் சொல்லும் இடம் அதுதான். பாவாடை நீளத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். 10 செ.மீ. என்பது 78.5 என்றால் படத்தின் ஒரு செ.மீ. நிஜத்தில் 7.85. விளிம்பு படத்தில் 11 செ.மீ. அகலம் என்றால் நிஜத்தில் 86. வட்டமாக நினைத்தால் சுற்றளவு 270 செ.மீ. ஆனால் இது வெளிக்கோட்டின் சுற்றளவு மட்டுமே. துணி உள்ளே போய் வெளியே வரும் மடிப்புகளைச் சேர்த்தால் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு ஆகும். அதாவது விளிம்பில் 4 மீட்டரிலிருந்து 6.75 மீட்டர் வரை துணி இருக்கலாம். இந்த இடைவெளியைக் குறைக்க மடிப்புக் கோடுகளிடம்தான் போக வேண்டும். படத்திலேயே செழிப்பான தகவல் அங்கேதான் கிடக்கிறது.

மடிப்புக் கோடுகள் எங்கே பிறக்கின்றன என்று பாருங்கள். இடையில் வழவழவென்று இருந்து, இடுப்பு எலும்புக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தோன்றி, விளிம்பில் பெரிய அலைகளாக விரிந்தால் அது வட்ட வெட்டு. இடை 60 செ.மீ. என்றால் உள்வட்டத்தின் ஆரம் 60 ÷ 6.28 = 9.55 செ.மீ. அதோடு நீளம் 78.5 சேர்த்தால் வெளி ஆரம் 88. விளிம்புச் சுற்றளவு சுமார் 5.5 மீட்டர், மேலே கண்ட எல்லைக்குள் சரியாக விழுகிறது. கால்வட்டம் நான்காக வெட்டினால், மடித்துத் தைக்க 5 செ.மீ. சேர்த்து ஒவ்வொன்றும் 93 செ.மீ. சதுரம் கேட்கும். 95 செ.மீ. அகலப் பட்டில் 3.75 மீட்டர் போதும்.

அதற்கு மாறாக, கோடுகள் இடைப்பட்டியிலேயே நெருக்கமாகப் பிறந்து கிட்டத்தட்ட இணையாகக் கீழே இறங்கினால் அது நேர்த்துணியைச் சுருக்கிய பாவாடை. அதே 5.5 மீட்டர் விளிம்புக்கு 5.5 மீட்டர் துணியே வேண்டும். இங்கே டியோர் கையாண்ட ஓர் அழகான வழி உண்டு. 1947ஆம் ஆண்டு ‘ஷெரி’ உடையில் டாஃபெட்டா பட்டின் முழு அகலமும் பாவாடையின் நீளமாயிற்று. துணியைப் படுக்கவைத்து, ஒரு கரையை இடைப்பக்கமும் மறுகரையை விளிம்புப்பக்கமும் வைத்தார். 90 செ.மீ. அகலத் துணியில் 78.5 நீளம் போக 11.5 செ.மீ. விளிம்பு மடிப்புக்குக் கிடைக்கும். செங்குத்தான மூட்டு ஒன்றே ஒன்று. ஓடும் மடிப்பை எந்தத் தையலும் குறுக்கிடாது.

5.5 மீட்டரை 60 செ.மீ.க்குள் அடக்குவது விளையாட்டல்ல. இடையின் ஒவ்வொரு செ.மீ.யிலும் 9 செ.மீ.க்கு மேல் துணி நிற்க வேண்டும். மெஷினில் தளர்தையல் போட்டு இழுக்கிற சாதாரணச் சுருக்கு இதைத் தாங்காது. ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் மெலியும். கையால், ஒரே அளவுத் தையலில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு மூன்று வரிசை ஓட்டி, எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் துணி குழாய் குழாயாக நிற்கும். ஒவ்வொரு குழாயின் முகட்டையும் இடைப்பட்டியில் தனித்தனியாகத் தைக்க வேண்டும். மெல்லிய டாஃபெட்டாவில் இது நடக்கும். தடித்த கம்பளியில் செய்தால் இடுப்பைச் சுற்றித் தலையணை கட்டினாற்போல் இருக்கும்.

மூன்றாவது சாத்தியம்: கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக, ஒழுங்கான இடைவெளியில் இருந்து, விளிம்பு அலையாக இல்லாமல் பல் பல்லாக முடிந்தால் அது அழுத்திய மடிப்பு. கோடே இல்லாமல் பாவாடை மணிபோல விலகி நின்றால் துணி தானாக நிற்கவில்லை, உள்ளே ஏதோ தாங்குகிறது என்று அர்த்தம்.

கோட்டின் குணம் துணியையும் சொல்லும். முறிந்து முறிந்து, கூர்மையான திருப்பத்தோடு போகும் கோடு டாஃபெட்டா அல்லது ஃபாய். நீண்டு வழுக்கி இறங்கும் கோடு க்ரேப் அல்லது ஜெர்சி. அகலமான, மெதுவான வளைவு கனத்த சாட்டின். புள்ளியும் கீறலுமாகக் கரைந்துபோனால் வலைத்துணி. நிறுவன ஓவியர்கள் இதில் ஏமாற்ற மாட்டார்கள். துணியை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தவர்கள் அவர்கள். துண்டும் கோடும் ஒத்துப்போகவில்லையென்றால், துண்டு பிற்பாடு மாறியிருக்கலாம், அல்லது வாடிக்கையாளர் வேறு துணி கேட்டிருக்கலாம். அது நடக்கும். 1954ஆம் ஆண்டு ‘ஜெமீர்’ உடையின் ஒரு படி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அது பட்டில் அல்ல, அன்றைய புதுச் செயற்கைச் சாட்டினில் தைத்தது.

மேலுடம்பில் முதலில் தேட வேண்டியது கைத்துளைக் கோடு. தோளைச் சுற்றி அந்தக் கோடு இல்லையென்றால் ஓவியர் மறந்தார் என்று நினைக்காதீர்கள். 1950களில் உடலும் கையும் ஒரே துண்டாக வெட்டும் கிமோனோ கை மிகப் பரவலாக இருந்தது. அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று சாய்ந்த மடிப்புகள் வரைந்திருந்தால் உறுதி. அப்படி வெட்டி, கை இறுக்கமாகவும் இருந்தால், அக்குளில் 10 செ.மீ. அளவுள்ள சாய்சதுர ஒட்டுத் துண்டு ஒன்று இல்லாமல் கையைத் தூக்க முடியாது. தூக்கினால் இடையே மேலே ஏறும், அல்லது பக்கத் தையல் கிழியும். இந்த ஒட்டு கை தொங்கும்போது வெளியே தெரியாது, ஆகவே படத்திலும் இருக்காது.

மார்பிலிருந்து இடை வரை ஒரு கோடும் இல்லாமல் உடை உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்தால்? துணிக்கு மாயம் தெரியாது. எங்கோ டார்ட் (துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) இருந்தே ஆக வேண்டும். படத்து உடையில் பெரும்பாலும் அது இடைத் தையலுக்குள் ஓடும் இரண்டு சிறு டார்ட்டுகளாகவோ, கழுத்துச் சதுரத்தின் மூலையிலிருந்து மார்பு வழியாக இடைக்கு இறங்கும் நீண்ட தையலாகவோ (பிரின்சஸ் வெட்டு) இருக்கும். கழுத்து மூலையில் கோடு சற்று அழுத்தமாகத் தொடங்கியிருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். திறப்பு எங்கே என்பதும் அப்படித்தான். முன்புறத்தில் பட்டன் இல்லையென்றால் இடப்பக்கத் தையலில் ஜிப், அல்லது பின் நடுவில் கொக்கி.

படத்தில் துளியும் தெரியாத, ஆனால் உடையை உடையாக நிறுத்தும் விஷயம் உள்கட்டு. டியோரின் உடையை உள்ளே வெளியே திருப்பிப் போட்டால் இன்னொரு உடை இருக்கும். பல காலமாகக் கைவிடப்பட்டிருந்த பழக்கத்தை மீட்டு, ஏறத்தாழ எல்லாத் துணிக்கும் பருத்தியோ டாஃபெட்டாவோ அடித்துணி கொடுத்தார். மேலுடம்புக்கு வலைத்துணியில் தனி உள்ரவிக்கை. அதில் உருவம் கலையாமல் நிறுத்தும் விறைப்புப் பட்டிகளான ‘எலும்புகள்’ எட்டு முதல் பன்னிரண்டு. பெயர்தான் எலும்பு, இன்று பிளாஸ்டிக்கிலோ சுருள் எஃகிலோ கிடைக்கும். எலும்பின் முனை தையலுக்கு ஒரு செ.மீ. முன்பே நிற்க வேண்டும். கடைசி வரை விட்டால் நாலு முறை உட்கார்ந்து எழுவதற்குள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

உள்ரவிக்கையின் இடையில் ஓடும் நாடாதான் முழு உடையின் பாரத்தையும் சுமக்கிறது. இரண்டரை செ.மீ. அகலம், நீளாத குறுக்குவரி நாடா. இடை 60 என்றால் நாடா 58 முதல் 59. தையல்கள் சந்திக்கும் ஐந்தாறு இடங்களில் மட்டும் பிடித்துவைத்து, திறப்பின் இருபுறமும் சில செ.மீ. தளர விட வேண்டும். அணியும்போது முதலில் நாடாவின் கொக்கி, பிறகுதான் ஜிப். இந்த வரிசை மாறினால் இழுவை முழுவதும் ஜிப்பில் விழுந்து, பல் விட்டுவிடும். நாடா இல்லாமல் தைத்த அகலப் பாவாடை மேலுடம்பைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சதுரக் கழுத்து வாய்பிளந்து முன்னால் தொங்குவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் இதுதான். கழுத்து வெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

இடுப்பின் எடுப்புக்குப் பஞ்சு. நாலைந்து அடுக்கு, ஒவ்வொன்றும் கீழுள்ளதை விட ஓரங்களில் ஒரு செ.மீ. சிறியதாக, படிக்கட்டுப்போல் வைத்துத் தைக்க வேண்டும். ஒரே கட்டியாக வைத்தால் மேல்துணியில் விளிம்பு அச்சு விழும். பாவாடையின் அடியில் 5 முதல் 10 செ.மீ. அகலத்துக்கு விறைப்புப் பின்னல்பட்டி. அதற்கும் உள்ளே வலைத்துணி உள்பாவாடை; அதைச் சுருக்கிச் சேர்க்கும் தையல் இடைக்கு 12 முதல் 15 செ.மீ. கீழே இருக்கட்டும். இடையிலேயே சேர்த்தால் படத்தில் இருக்கிற சின்ன இடை காணாமல் போகும்.

வேலையைத் தொடங்கும்போது பட்டைத் தொடாதீர்கள். முதலில் காடாவில் மாதிரி. இறுதித் துணி டாஃபெட்டா என்றால் காடாவுக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொள்ளுங்கள். தளர்ந்த காடாவில் பார்த்துவிட்டு விறைத்த பட்டில் வெட்டினால் பாவாடை வேறு பாவாடையாகிவிடும். பாவு நூல் போகும் திசையையும் ஊடை திசையையும் வண்ண நூலால் ஒவ்வொரு துண்டிலும் ஓட்டிவையுங்கள். பொம்மையில் மாட்டும்போது முன் நடுவின் பாவு நூல் தரைக்குச் செங்குத்தாக, மார்பு உயரத்தில் ஊடை தரைக்கு இணையாக நிற்க வேண்டும். நூல் சாய்ந்தால் டார்ட்டை எவ்வளவு மாற்றினாலும் சுருக்கம் போகாது. தையலுக்கு உள்ளே 3 செ.மீ. விடுங்கள். பொம்மைக்கு அணிபவரின் அளவு வரும் வரை பஞ்சும் துணியும் சுற்றியிருக்க வேண்டும். அதற்கு முன் குத்திப் பார்ப்பது வீண் வேலை.

மாதிரியை மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், அல்லது நிழற்படம் எடுத்து உடைப்படத்தின் பக்கத்தில் வையுங்கள். கிட்டத்தில் நின்றால் தையல்தான் தெரியும், உருவம் தெரியாது. படத்தின் நோக்கமே உருவம். பெரும்பாலும் முதல் மாதிரியில் இடை அரை அங்குலம் கீழே இருக்கும். படத்தில் கால் நீளமாகத் தெரிவதன் ஒரு பங்கு இடையை உயர்த்தி வரைவதால் வருகிறது. இடைத் தையலை 1 முதல் 1.5 செ.மீ. மேலே தூக்கிப் பாருங்கள். திடீரென்று படம் போலவே தெரியும். அதற்கு மேல் தூக்கினால் நாடா விலா எலும்பில் உட்காரும்.

டாஃபெட்டா ஒருமுறை குத்திய ஊசியை மறக்காது. துளை அப்படியே நிற்கும். திருத்தமெல்லாம் காடாவிலேயே முடிந்திருக்க வேண்டும். பட்டில் குண்டூசியைத் தையலுக்கு உள்ளே விடும் துணியில் மட்டும் குத்துங்கள். வட்ட வெட்டு என்றால் இன்னொரு சிக்கல்: கிராஸாக விழும் பகுதிகள் பாரத்தில் இறங்கும், நேர்நூல் பகுதிகள் இறங்காது. இடையில் சேர்த்த பிறகு பாவாடையை ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு நாள், தொங்கவிட்டு, அணிபவரை அந்தச் செருப்போடு நிற்கவைத்து, தரையிலிருந்து அளவுகோல் வைத்து 31.5 செ.மீ.யில் சுற்றிலும் குறித்து வெட்டுங்கள். மேலேயிருந்து 78.5 அளந்து வெட்டினால் விளிம்பு நான்கு இடத்தில் காது காதாகத் தொங்கும்.

தாளைப் பற்றிக் கொஞ்சம். வயதைச் சோதிக்க எளிய வழி, இருட்டில் புற ஊதா விளக்கு. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருளை 1950 வாக்கில்தான் பரவலாகக் கலக்கத் தொடங்கினார்கள். 1947 என்று சொல்லப்படும் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஒளிராவிட்டால் மட்டும் அது உண்மை என்று ஆகிவிடாது. பழைய வெற்றுத்தாள் வாங்குவது கடினமல்ல. குறிப்புகள் பந்துமுனைப் பேனாவில் இருந்தால், பிரான்சில் பிக் நிறுவனத்தின் மலிவுப் பேனா 1950 டிசம்பரில்தான் வந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாளைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். வண்ணம் கெட்டியாகப் பூசியிருக்கும் இடங்களைப் பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம் பெயர்த்தெடுக்கும். அமிலமில்லாத காகித உறை போதும். பழைய இரும்புக் குண்டூசி துருப்பிடித்து, தாளையும் பட்டையும் சேர்த்து அரிக்கும். அதை இழுக்காமல், துருவைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாகச் சுழற்றி எடுத்து, துண்டை அதே இடத்தில் பருத்தி நூலால் ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்துங்கள். பழைய துளை வழியாகவே நூல் போகட்டும்.

ஊசியை எடுத்த அந்த நேரத்தில் துண்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 70 ஆண்டு வெளிச்சம் குடித்தது. பின்பக்கம் தாளோடு ஒட்டிக் கிடந்தது. நீங்கள் சாம்பல் என்று சொல்லும் நிறம் முதலில் கருநீலமாக இருந்திருக்கலாம், நீர்வண்ணமும் கூடவே வெளுத்திருக்கலாம். துண்டின் ஓரத்தில் கரை ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது: எது பாவு, எது ஊடை என்று அது சொல்லிவிடும். பட்டுக்கடைக்குப் போகும்போது பின்பக்கத்து நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எடுத்துப் போங்கள். துண்டு வீட்டிலேயே இருக்கட்டும்.